வெள்ளிக்கிழமை நாற்காலி

ஜூன் 2

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

நீ நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன். என் பெரியவளை எடுத்துப் போன அன்றைக்கு நீ பேசிய பேச்சுக்கு இனி உன் முகத்தில் விழிப்பதில்லை என்றுதான் இருந்தேன். இப்போதும் அந்தக் கோபம் போகவில்லை. ஆனால் இங்கிலீஷ் தெரிந்த ஆள் என்று எனக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை. போனில் கேட்டிருக்கலாம். அவளைத் தண்ணீரிலிருந்து எடுத்த சேதியைப் போலீஸ்காரர் போனில்தான் சொன்னார். அதிலிருந்து அதை நான் காதில் வைப்பதே இல்லை. எழுத்துப் பிழைகளைப் பெரிதுபண்ணாதே. நான் பாதியில் நின்றவள், நீ படித்தவள்.

விஷயம் இதுதான். சின்னவள் வேலைக்குப் போகிறாள். பெரியவள் பார்த்த அதே போன் ஆபீஸ்தான். எங்கெங்கேயோ இருக்கிற கடைக்காரனுக்கும் பேங்குக்காரனுக்கும் வருகிற போனையெல்லாம் இவர்கள் உட்கார்ந்து எடுத்துப் பேச வேண்டும். ஆபீஸிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்கள் அவர்களாகவே கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். அக்கா மேஜையே கிடைத்திருக்கிறது என்று சின்னவள் சொன்னாள். உனக்கு இது பிடிக்காது. தெரிந்துதான் சொல்லவில்லை.

சாயங்காலம் வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொல்லிப் பார்க்கிறாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் முகத்தை ஒவ்வொரு மாதிரி வைக்கிறாள். ஸ்னியர் என்று சொல்லி உதட்டை ஒரு பக்கமாகத் தூக்குகிறாள். ஸ்காஃப் என்று சொல்லி மூக்கால் ஒரு சிரிப்பு. அப்புறம் டாண்ட், ஜியர், பிலிட்டில், மாக். பெரியவளும் இவற்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முகம் வராது. உதட்டைத் தூக்கப் போய்ச் சிரித்துவிடுவாள், நாங்களும் சேர்ந்து சிரிப்போம். ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று இருந்தேன்.

சின்னவள் சிரிப்பதில்லை. அவளுக்கு முகம் நன்றாக வருகிறது.

இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று எழுது. அவளைக் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதாம்மா, கிண்டல் பண்றது" என்கிறாள். எல்லாம் ஒன்று என்றால் எதற்கு இத்தனை வார்த்தை?

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையை அங்கேயே கிழித்து, விடுதிப் படிக்கட்டில் நின்றபடியே படித்தேன். பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வரிசையில் போகிறார்கள், நான் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறேன்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் வேலை பார்ப்பவளுக்கு அதுதான் சுலபம்.

சின்னவள் சொன்னது தப்பு. எல்லாம் ஒன்றல்ல. ஸ்காஃப் என்றால் ஒருவர் சொல்வதைக் காதிலேயே வாங்காமல், 'இதெல்லாம் ஒரு பேச்சா' என்று தள்ளிவிடுவது. ஸ்னியருக்கு வாயே திறக்க வேண்டாம், முகத்திலேயே இளக்காரம் தெரிந்தால் போதும். ஜியர் பெரும்பாலும் கூட்டம் செய்வது. சத்தம் போட்டு, கூவி, நாலு பேர் நடுவில் ஒருவரைக் கூனிப்போக வைப்பது. பிலிட்டில் என்பது மட்டம் தட்டுவது. ஒருவர் கஷ்டப்பட்டுச் செய்ததை 'இது ஒரு பெரிய விஷயமா' என்று ஊதிவிடுவது. டாண்ட் கொடுமையானது. எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்து, அங்கேயே குத்திக் குத்தி, எதிராளி நிதானம் இழக்கும்வரை விடாமல் பேசுவது. மாக் என்றால் பழிப்புக் காட்டுவது. ஒருவரைப் போலவே பேசி, அழுது, நடந்து காட்டி மற்றவர்களைச் சிரிக்கவைப்பது.

எழுதி முடித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. போனை எடுத்து மரியாதையாகப் பேசுகிற வேலைக்கு இவை எதற்கு? தயவுசெய்து, மன்னிக்கவும், நன்றி என்றுதானே சொல்லிக்கொடுப்பார்கள்? நீ எழுதியதில் மரியாதைச் சொல் ஒன்றுகூட இல்லை. யார் இவற்றைச் சொல்லித் தருகிறார்கள், யாரிடம் சொல்லச் சொல்கிறார்கள் என்று அவளிடம் கேள்.

அன்றைக்கு நான் பேசியதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

உன் தங்கை


ஜூன் 14

தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. வேலைக்கு எடுத்துப்போய் இடைவேளையில் படித்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளை உலர்த்தும் மெஷினிலிருந்து சூடாக இழுத்து, ஆளுக்கொரு முனை பிடித்து மடிப்போம், உனக்குத் தெரியும். எதிர்முனை பிடிக்கிறவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதாவதா?" என்றாள். ஒன்றுமில்லை, என் தங்கச்சி பாடம் எடுத்திருக்கிறாள் என்றேன்.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயம். மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் எல்லோரையும் ஒரு பெரிய அறையில் உட்காரவைப்பார்களாம். நடுவில் ஒரு நாற்காலி. அந்த வாரம் போனில் தடுமாறியவர் அதில் உட்கார வேண்டும். அவர் பேசியதை எல்லோரும் கேட்கப் போடுவார்கள். சொல்லிக்கொடுக்கிற மேடம் மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வார்த்தை கொடுப்பாள், நீ ஸ்காஃப், நீ டாண்ட் என்று. கொடுத்ததை நாற்காலியில் இருக்கிறவர் மேல் செய்துகாட்ட வேண்டும். செய்கிறவருக்கு இங்கிலீஷ் மனதில் பதியுமாம். கேட்கிறவருக்குத் தோல் தடிக்குமாம். நாளைக்குப் போனில் எவன் கேவலமாகப் பேசினாலும் உறைக்காதாம். அந்த மேடம் குரல் அவ்வளவு மெதுவாக இருக்குமாம், பிள்ளைகள் பட்டு மேடம் என்றுதான் சொல்வார்களாம். துக்கத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாளே, அவள்தான்.

நீ உட்கார்ந்திருக்கிறாயா என்று கேட்டேன். "நான் எதுக்கும்மா உட்காரணும்? நான் நல்லாப் பண்றேன்" என்றாள். அக்கா உட்கார்ந்தாளா என்றேன். கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

நேற்று அடுத்த வீட்டுத் தையல்காரம்மா ஊசி கேட்டு வந்தாள். அவளுக்கு ஒரு கால் இழுக்கும். சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க உதடு ஒரு பக்கம் ஏறியது. "என்னடி, என்னைப் பார்த்தா அவ்வளவு இளக்காரமா இருக்கா?" என்று அவள் கேட்டே விட்டாள். "இல்ல ஆன்ட்டி, பயிற்சி" என்றாள் இவள். தையல்காரம்மா சிரித்தாள், என்ன செய்வாள் பாவம். ஊசியை வாங்காமலே போய்விட்டாள்.

எனக்கு இன்னொரு அர்த்தம் வேண்டும். சாவு வீட்டில், எல்லோரும் நிற்கும்போது, என்னைப் பார்த்து, "துரத்தித் துரத்தி வேலைக்கு அனுப்பினியே, இப்ப திருப்தியா?" என்றாயே. அதற்கு இங்கிலீஷில் என்ன பெயர்?

அக்கா


ஜூன் 19

அக்கா,

ரிப்ரோச் என்று ஒரு சொல் இருக்கிறது. நெருங்கினவர்கள் மனம் நொந்துபோய், 'நீ இப்படிச் செய்யலாமா' என்று குறைசொல்வது. அதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அதை எழுதி அனுப்பிவிட்டால் என் பாடு முடிந்தது என்று உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. நீ கேட்டதற்கு அந்தச் சொல் பொருந்தாது. பொருந்துகிற சொல்லை முன்னாலேயே உனக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், கொடுமையானது என்றும் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. பெரியவளுக்கு முதன்முதலில் இங்கிலீஷ் எழுத்தைக் கைபிடித்து எழுதவைத்தவள் நான், அதை மட்டும் நினைத்துக்கொள்.

என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். சின்னவளை அங்கே அனுப்பாதே. பயிற்சி என்ற பெயரில் நடப்பது பயிற்சி இல்லை. எங்கள் விடுதியில் பிள்ளைகள் ஒருத்தியைச் சுற்றி நின்றுகொண்டு இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பிரித்துவிட்டால் அழுவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள். அங்கே பிரித்துவிட யாரும் இல்லை. வயதில் மூத்தவளே நின்று ஆளுக்கொரு சொல்லைக் கையில் கொடுக்கிறாள்.

பெரியவள் அந்த நாற்காலியில் எப்போது உட்கார்ந்தாள்? இதைக் கண்ணாடி துடைத்துத் தப்பிக்க விடாதே. கேள்.

நான் வர வேண்டும். பரீட்சை நடக்கிறது, விடுதிப் பொறுப்பும் என்னிடம்தான். சாக்கு என்று சொல்வாய். பாதி சாக்குதான். உன் வாசலில் வந்து நிற்கக் கூச்சமாக இருக்கிறது.

தங்கை


ஜூன் 25

தங்கச்சிக்கு,

நான் கேட்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. எப்படி என்று எழுதுகிறேன். புரியாவிட்டால் இரண்டு தடவை படி.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் குளிக்கப் போனாள். அவள் போன் கட்டிலில் கிடந்தது. காதில் மாட்டுகிற ஒயர் அதோடு இருந்தது. உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, கொசு பாடுகிற மாதிரி. போனைத் தொடாதவள் நான், அன்றைக்கு என்ன தோன்றியதோ, எடுத்துக் காதில் வைத்தேன்.

பெரியவள் பேசினாள்.

"அழாதீங்கய்யா. நான் லைன்லதான் இருக்கேன். மெதுவாச் சொல்லுங்க" என்றாள். யாரோ ஒரு வயசானவர். அவர் மனைவி பெயரில் வருகிற பில்லை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், மனைவி போய்விட்டாள் போல. சொல்ல வந்தவர் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். இவள் அவர் அழுது முடிக்கும்வரை இருந்தாள். கடைசியில் இவளும் மூக்கை உறிஞ்சுகிறாள். என் பிள்ளை மூச்சு விடுகிற சத்தம் என் காதுக்குள் கேட்டது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சின்னவள் ஈரத்தலையோடு வந்து போனைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். அதுதான் பெரியவளை நாற்காலியில் உட்காரவைத்த போன். பில்லை நிறுத்திவிட்டு வைக்க வேண்டியதை இழுத்தடித்தாள், வேலை நேரத்தில் அழுதாள் என்று. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் அவள் வீட்டுக்கு வரவில்லை. இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பேச்சைத்தான் போட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். வெறும் நாற்காலியைப் போட்டு, குரலை ஓடவிட்டு, அதைப் பார்த்துச் செய்யவேண்டுமாம். சின்னவளும் செய்திருக்கிறாள். முதல் நாளே. நன்றாக வந்தது என்று கை தட்டினார்களாம்.

"உன் அக்காடி" என்றேன்.

"அது வெறும் குரல்தாம்மா" என்றாள். "பயிற்சிக்கு வெச்சிருக்காங்க."

அதோடு போகவில்லை. வருகிற மாதம் முதல் வெள்ளிக்கிழமை அவள் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறாளாம். யாரும் சொல்லவில்லை, இவளாகப் பட்டு மேடத்திடம் கேட்டிருக்கிறாள். எதற்கு என்றேன். அப்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் பழைய சின்னவள் தெரிந்தாள். "நான் உட்கார்ந்துட்டு எழுந்து வரணும்மா. அதுல உட்கார்ந்தா ஒண்ணும் ஆகாது. அக்காவுக்குத்தான் தோல் மெல்லிசு" என்றாள்.

ஒன்றும் ஆகாது என்று அவளுக்கே தெரிய வேண்டியிருக்கிறது. ஆகிவிட்டால் என்ன செய்வேன்? எனக்கு இவள் ஒருத்திதான் மிச்சம். நீ சொன்ன மாதிரி நிறுத்திப் பார்த்தேன். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு மூக்கால் சிரித்தாள். அதற்குப் பெயர் ஸ்காஃப் என்று எனக்கு இப்போது தெரிகிறது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

அக்கா


ஜூன் 30

அக்கா,

போகவிடாதே. சண்டை போடு, படுத்துக்கொள், உடம்பு சரியில்லை என்று நடி, எது வேண்டுமானாலும் செய். இது வெள்ளிக்கு முன்னால் வந்து சேருமா தெரியவில்லை. விரைவுத் தபாலில் போடுகிறேன். உனக்குப் போன் செய்தேன், அணைத்து வைத்திருக்கிறாய். சின்னவளுக்குச் செய்தேன். எடுத்து, "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றாள். நான் சித்தி என்றேன். அதையே திரும்பச் சொன்னாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். வைத்துவிட்டாள்.

பத்தாம் தேதிக்கு முன்னால் விடமாட்டேன் என்கிறார் தலைமையாசிரியர். பத்தாம் தேதி கிளம்பிவிடுவேன். அதுவரை அவளைத் தனியாக எங்கேயும் விடாதே.

தங்கை


ஜூலை 7, திங்கட்கிழமை

தங்கச்சிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமைதான் வந்தது. வெள்ளிக்கிழமை நடந்து முடிந்துவிட்டது.

காலையில் சின்னவள் கிளம்பினாள். நான் தடுக்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் அப்படியே, பிளீச்சிங் பவுடர் வாசனையோடு, அந்த ஆபீஸுக்குப் போனேன். பெரியவளின் சாமான்களை வாங்கிவரப் போனபோது பார்த்த அதே வாட்ச்மேன்தான். ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கச் சத்தம் வெளியே போகாதபடி பஞ்சு மாதிரி எதையோ ஒட்டியிருக்கிறார்கள். எல்லாம் சின்னச் சின்னப் பிள்ளைகள். வட்டமாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். சின்னவள் நடுவில் போய் உட்காரப் போனாள். நான் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பட்டு மேடம் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அம்மா, எழுந்திருங்க, இது பிள்ளைங்களுக்கு" என்றாள். "என் பிள்ளைக்குப் பண்ணினதை எனக்குப் பண்ணுங்க. அப்புறம் இவளைக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். நான் நினைத்தது என்னவென்றால், ஒரு தாயை உட்காரவைத்து யாருக்கும் வாய் வராது, வெட்கப்பட்டு இதோடு விட்டுவிடுவார்கள் என்று. அப்படித்தான் நினைத்தேன்.

 மேடம் யோசித்தாள். பிறகு, "சரி, அம்மாவே ஆசைப்படறாங்க" என்று வார்த்தைகளைக் கொடுக்க ஆரம்பித்தாள்.

முதல் பையன் என் முகத்தைப் பார்க்காமல் லேசாக மூக்கால் சிரித்தான். அடுத்தவள் என் செருப்பைப் பற்றி ஏதோ சொன்னாள், சொல்லிவிட்டு என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். மூன்றாவது ஆளுக்கு அந்தக் கூச்சம் இல்லை. என் வாசனை, என் கை வெந்து தோல் உரிந்திருப்பது, நான் பேசும் அழகு என்று ஒன்றையும் விடவில்லை. பின்னால் இருந்தவர்கள் முன்னால் நகர்ந்து வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து கூவினார்கள். கெட்ட பிள்ளைகள் என்று யாரும் இல்லை, தங்கச்சி. துணி மெஷினில் ரோலர் சுற்ற ஆரம்பித்தால் ஓரத்தைக் கொடுத்தாலே முழுத் துணியையும் இழுத்துக்கொள்ளும். அப்படித்தான் இருந்தது. எனக்கு வலித்தது. வலிக்காது என்று நினைத்துப் போயிருந்தேன். இதைக் கேட்டுவிட்டுத்தான் பெரியவள் வெளியே நடந்து போயிருக்கிறாள். இத்தனை பேரில் ஒருத்தர்கூடப் பின்னாலே போகவில்லை.

கடைசியாகச் சின்னவள். அவளுக்கு மேடம் மாக் என்று கொடுத்தாள்.

அவள் எழுந்து வந்து என் எதிரே நின்றாள். என்னைப் போலவே கையை இடுப்பில் துடைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் தரையில் விழுந்தாள். ஆற்றங்கரையில் பெரியவள் முகத்திலிருந்து துணியை விலக்கினபோது நான் என்ன சத்தம் போட்டேனோ அந்தச் சத்தம் அவள் வாயிலிருந்து வந்தது. அதைப் போல இல்லை, அதேதான். யாருக்கும் அது என்ன என்று தெரியாது. முதலில் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. ஒருத்தர் ஒருத்தராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அவள் மட்டும் தரையைப் பிறாண்டிக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை, உனக்குத் தெரியும். அழுகிறாள் என்று நினைத்து நான் குனிந்து அவளை அணைத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் உதறியது. சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

பிறகு என் கையை எடுத்துவிட்டு எழுந்தாள். முகத்தைத் துடைத்தாள். "சரியா வந்துச்சா மேடம்?" என்றாள்.

மேடம் கை தட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை.

பஸ்ஸில் என்னோடுதான் வந்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாப்பிட்டாள், தூங்கினாள். அது அவளை விட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். நேற்று சாயங்காலம் அவள் போனில் பட்டு மேடம் கூப்பிட்டாள். இவளைப் போல ஒருத்தியை அவர்கள் பார்த்ததே இல்லையாம். இனி போன் எடுக்க வேண்டாமாம். மேடம் பக்கத்திலேயே நின்று புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். இன்றைக்கே வரச் சொன்னாள். சின்னவள் எவ்வளவு நாளுக்கப்புறம் சந்தோஷமாக இருந்தாள் தெரியுமா. தலையை வாரி வாரிப் பார்த்துக்கொண்டாள்.

இன்றைக்குக் காலையில் அவள் செருப்பு மாட்டும்போது நான் வெளியே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். ஜன்னலில் கம்பி இருக்கிறது. நான் வேலைக்குப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து இதை எழுதுகிறேன். தையல்காரம்மா தபாலில் போடுகிறேன் என்று பக்கத்தில் நிற்கிறாள். பத்தாம் தேதி என்று உட்கார்ந்திருக்காதே. வேலை போனால் போகிறது, கிளம்பு.

முதலில் கதவைத் தட்டினாள். கெஞ்சினாள். என் குரலில் என்னையே திட்டினாள். அதற்கெல்லாம் நான் அசையவில்லை. கொஞ்ச நேரமாகப் பெரியவள் கூப்பிடுகிறாள். "அம்மா, கதவைத் திறம்மா, நான் வந்துட்டேன்" என்கிறாள். மூச்சுகூட அவள் மூச்சுதான். தையல்காரம்மா முகம் வெளுத்துப்போய் நிற்கிறாள். அது சின்னவள்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு தடவை எழுந்துவிட்டேன். இன்னும் எத்தனை தடவை கூப்பிட்டால் திறந்துவிடுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா